வேலைக்குப் போகாத அம்மாவுக்கு வருமான இழப்பா?

"மதினி என்ன வேலைக்கா போறாங்க, வருமான இழப்புன்னு போட்டுக் கேக்குறதுக்கு? ஆஸ்பத்திரி செலவ மட்டும் வாங்கிட்டு விட்டுருங்கப்பா"ன்னு அம்மாவோட விபத்து நஷ்ட ஈட்டுக் கேஸப் பத்தி சித்தப்பா சொன்னது கெட்ட எண்ணத்துல இல்ல. நல்ல மனுஷன் அவரு, அம்மா அட்மிட் ஆகியிருந்தப்ப ராத்திரியெல்லாம் வராண்டாவுல துண்ட விரிச்சுப் படுத்துக் கெடந்தவரு. ஆனா அந்தக் கேள்வி மட்டும் கேஸ் முடியுற வரைக்கும் எனக்குள்ள அடங்கவே இல்ல, ஏன்னா அத அவரு ஒருத்தர் மட்டும் கேக்கல. எஃப்.ஐ.ஆர் கேட்டுச்சு, ஆஸ்பத்திரி சீட்டு கேட்டுச்சு, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்டாரு, எல்லாத்துக்கும் மேல அம்மாவே கேட்டாங்க. "நான் வீட்டுல தானம்மா இருக்கேன், எனக்கு என்னத்த நஷ்டம்"னு. காலையில நாலரைக்கு எழுந்திரிச்சு ராத்திரி பத்து மணிக்கு அடுப்படி லைட்ட அணைக்கிற ஒரு பொம்பளை இதக் கேக்குறாங்க.

நடந்தத சுருக்கமா சொல்லிடறேன். 2022 ஆகஸ்ட். திண்டுக்கல் பக்கம் எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல அம்மா நின்னுட்டு இருந்தாங்க. எதுத்தாப்புல கடைக்கு லோடு இறக்கிட்டு ஒரு குட்டியானை ரிவர்ஸ்ல வந்துருக்கு, பின்னாடி பாத்துச் சொல்ல ஆள் இல்ல, டிரைவர் காதுல போனு. வண்டி இடிச்சு அம்மா வலது கை அடியில மாட்டுற மாதிரி விழுந்தாங்க, தோள்பட்டை எலும்பு மூணு துண்டா உடைஞ்சு போச்சு, மணிக்கட்டும் விட்டுப் போச்சு. அம்மாவுக்கு அப்ப 52 வயசு. முதல் ரெண்டு நாள் வைத்தியம் தமிழ்நாடு அரசோட இன்னுயிர் காப்போம் திட்டத்துல ஓடுச்சு, அந்த நேரத்துல அது பெரிய புண்ணியம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரம் காசுன்னு யாரும் கேக்கல. அப்புறம் பிளேட், ஸ்க்ரூ, மாசக்கணக்கா பிசியோதெரபி. போலீஸ்ல 279, 338 ரெண்டு செக்ஷன்ல, அதாவது தாறுமாறா வண்டி ஓட்டுனது, அதால பலத்த காயம் உண்டாக்குனதுன்னு கேஸ் போட்டாங்க, டிரைவர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிட்டாரு. அந்த ஃபைன்ல அம்மாவுக்கு ஒத்தப் பைசா கெடையாதுங்கறது நெறைய பேருக்குத் தெரியாது. நஷ்ட ஈடு வேணும்னா மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல தனியா மனு போடணும், கோர்ட்டு வட்டாரத்துல எம்.சி.ஓ.பி.ம்பாங்க.

எங்க வக்கீலம்மா முதல் நாளே ஒரு விஷயத்த அழுத்திச் சொன்னாங்க. முன்னாடி மாதிரி எப்ப வேணா போட்டுக்கலாம்னு இருக்கக் கூடாது, 2022 ஏப்ரல் 1லிருந்து நடக்குற விபத்துக்கு 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டம் மாறிடுச்சு, லேட்டாப் போனா அதையே புடிச்சிட்டு அந்த வண்டியோட இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க தொங்குவாங்கன்னு. ஆஸ்பத்திரி வாசல்லயே வந்து "நாங்க பாத்துக்குறோம், வர்றதுல இத்தன பர்சன்டேஜ்"னு கார்டு குடுத்த ஆளுங்க உண்டு. வக்கீல் பர்சன்டேஜ் பேசுறதே பார் கவுன்சில் ரூல்ல கூடாது. அந்தக் கார்டையெல்லாம் அப்பா கிழிச்சுப் போட்டாரு, நல்ல வேளை.

எல்லாப் பேப்பர்லயும் ஒரே கோடு

மனு எழுத உக்காந்தப்ப வக்கீலம்மா கையில இருந்த பேப்பரையெல்லாம் மேஜையில வரிசையா வச்சாங்க. ஆஸ்பத்திரியில விபத்தப் பதிஞ்ச ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர், வண்டியச் சோதிச்ச பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி. தொழில்னு கேட்டிருக்குற எடத்துல எல்லாம் 'ஹவுஸ் வைஃப்', வருமானம்னு கேட்ட எடத்துல ஒரு சின்னக் கோடு. எழுதுனவங்க யாரையும் நான் குத்தம் சொல்லல, அந்த அவசரத்துல கான்ஸ்டபிளோ டூட்டி டாக்டரோ வேற என்ன எழுதுவாங்க. ஆனா அந்தக் கோட்ட கம்பெனி எப்படிப் பிடிச்சிக்கும்னு வக்கீலம்மா கணக்குப் போட்டுக் காட்டுனாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு உறைச்சது.

ஊனத்துக்கு காசு குடுக்க நம்ம ஊர் தீர்ப்பாயங்கள்ல ரெண்டு வழி. ஒண்ணு பர்சன்டேஜ் முறை. மெடிக்கல் போர்டு 40 சதவீதம்னு குடுத்தா ஒரு சதவீதத்துக்கு 3,000, 4,000, 5,000ன்னு ஏதோ ஒரு தொகையப் போட்டுப் பெருக்கி மொத்தமாக் குடுத்துருவாங்க. 4,000 வச்சா 1,60,000. அதோட முடிஞ்சது. இன்னொண்ணு மல்டிபிளையர் முறை, மாச வருமானத்த 12ஆல பெருக்கி, வயசுக்கு ஏத்த எண்ணால பெருக்கி, அதுல சம்பாதிக்கிற சக்தி எத்தன சதவீதம் போச்சோ அதக் கணக்குப் பண்றது. வயசுக்கான எண்ண 2009ல சரளா வர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் அட்டவணையாவே போட்டுருச்சு, 51லிருந்து 55 வயசு வரைக்கும் 11. அதோட 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி 50லிருந்து 60 வயசுக்குள்ள இருக்குற சுயதொழில்காரங்களுக்கு எதிர்கால வருமான உயர்வுன்னு 10 சதவீதம் சேக்கணும். மாசம் 10,000னு வச்சா கூட அது 11,000 ஆகுது, வருஷத்துக்கு 1,32,000, பதினொண்ணால பெருக்குனா 14,52,000. அதுல கால்வாசி சக்தி போச்சுன்னு வச்சாலும் 3,63,000. அதே கை, அதே உடைஞ்ச எலும்பு, ஆனா ரெண்டு லட்சத்துக்கு மேல வித்தியாசம். இந்த ரெண்டாவது கணக்குக்குள்ள நுழையணும்னா முதல்ல அம்மாவுக்கு ஒரு வருமானம் இருந்துச்சுன்னு கோர்ட் ஏத்துக்கணும். கோடு போட்ட எடத்துல ஒரு நம்பர் வரணும்.

சட்டம் இதுல ரொம்ப தூரம் வந்துருச்சுங்கறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1989ல ஜாம்ஷெட்பூர்ல நடந்த தீ விபத்து வழக்குல 2001லயே சுப்ரீம் கோர்ட், வீட்டப் பாத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்களோட உழைப்பு மாசம் 3,000 ரூபாய்க்குக் கொறையாதுன்னு சொல்லிருக்கு. 2009ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுல நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதின தீர்ப்பு ஒண்ணு, வீட்டு வேலைக்கு மதிப்புப் போடுறதப் பத்தி அவ்வளவு விரிவா யோசிச்சிருக்காங்க, அடுத்த வருஷமே அத சுப்ரீம் கோர்ட் எடுத்துப் பேசுச்சு. 2021 ஜனவரியில டெல்லியில பைக்ல போன கணவன் மனைவி ரெண்டு பேருமே செத்துப்போன வழக்குல நீதிபதி என்.வி. ரமணா, அரசாங்கத்தோட 2019 நேரப் பயன்பாட்டு சர்வேய எடுத்துக் காட்டி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க, ஆம்பளைங்க 97 நிமிஷம்னு எழுதியிருக்காரு. வீட்டுல இருக்குற பொம்பளைக்கும் உத்தேச வருமானம் போடணும், அதுக்கு மேல எதிர்கால உயர்வும் சேக்கணும்னு அந்தத் தீர்ப்புல இருக்கு. டெல்லியில இவ்வளவும் எழுதியாச்சு. எங்க ஊரு ஆஸ்பத்திரிச் சீட்டுல கோடு கோடாவே இருக்கு.

கைய எவ்வளவு தூக்க முடியும்

மெடிக்கல் போர்டுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அம்மாவ எந்திரிச்சு நிக்கச் சொல்லி, வலது கையப் பக்கவாட்டுல தூக்கச் சொன்னாரு. அம்மாவால தோள் உயரத்துக்குக் கீழதான் தூக்க முடியும், அது எனக்குத் தெரியும், தினம் தலைவாரி விடுறது நான். ஆனா அன்னிக்கு அம்மா பல்லக் கடிச்சிட்டு, ஒடம்ப இடது பக்கமா சாச்சு, கைய இன்னும் மேல மேல கொண்டு போறாங்க. ஒரு பெரிய மனுஷன் தூக்கச் சொல்றாரு, முடியலன்னு சொன்னா மரியாதை இல்லங்கற மாதிரி. நெத்தியில வேர்வை. டாக்டரே கையப் புடிச்சு எறக்கி விட்டு, "அம்மா, இங்க யாரும் மார்க் போடல, வலிக்கிற எடத்துல நிறுத்திருங்க"ன்னாரு. அப்புறம் கோணம் அளக்குற அந்த ரெண்டு காலு ஸ்கேல தோள்ல வச்சு திரும்ப அளந்தாரு. வலது கைக்கு 40 சதவீதம்னு சர்டிபிகேட் வந்துச்சு.

அந்த 40, கைக்கு மட்டும். மொத்த ஒடம்புக்குன்னு பாத்தா அதுல மூணுல ஒரு பங்குதான்னு கம்பெனி பதிலுரை போட்டாங்க. 2010ல ராஜ்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது அப்படியே எங்களுக்குத் தேவைப்பட்டுச்சு: கைக்கு இத்தன சதவீதம் ஊனம்னா ஒடம்புக்கும் அத்தனன்னு எடுத்துக்கக் கூடாதுதான், ஆனா எது போச்சோ அது அந்த ஆளோட வேலைய எந்த அளவுக்கு முடக்குதுங்கறத தான் பாக்கணும். இடது கைய இழந்தவர் டிரைவரோ தச்சரோன்னா கிட்டத்தட்ட முழு சம்பாத்தியமும் போச்சு, அவரே கவர்மென்ட் ஆபீஸ் கிளார்க்குன்னா வேலையே போகாம இருக்கலாம்னு அதுல உதாரணம் குடுத்திருக்காங்க. அப்ப அம்மாவுக்கு? இடியாப்ப உரல அமுக்க முடியல. குக்கர எறக்க முடியல. ஈரத் துணியப் பிழிஞ்சு கொடியில வீச முடியல. எங்க அப்பத்தா படுத்த படுக்கை, அவங்களப் பொரட்டிப் படுக்க வைக்கிறது, குளிப்பாட்டுறது எல்லாம் அம்மாதான், அது சுத்தமா நின்னு போச்சு. இதுல எது கிளார்க் வேலை, எது தச்சு வேலை?

கம்பெனியோட பதிலுரையில வேற ரெண்டும் இருந்துச்சு, அம்மாவே கவனமில்லாம வண்டிக்குப் பின்னாடி போய் நின்னாங்கன்னு ஒண்ணு, சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸ்ல தனியா வாங்குற பேட்ஜ் டிரைவருக்கு இல்லன்னு ஒண்ணு. முதலாவது டிரைவர் குத்தத்த ஒத்துக்கிட்டதுலயே அடிபட்டுப் போச்சு. ரெண்டாவதுக்கு, 7,500 கிலோவுக்குக் கீழ இருக்குற சரக்கு வண்டிய சாதாரண எல்.எம்.வி (இலகுரக வண்டி) லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி அமர்வு உறுதியா சொல்லிருச்சு. அதனால மிச்சம் நின்னது ஒரே சண்டைதான், அம்மாவோட வேலைக்கு மதிப்பு உண்டா இல்லையா.

குறுக்கு விசாரணை

அம்மா சாட்சிக் கூண்டுல ஏறுன அன்னிக்கு நான் பின் பெஞ்சுல உக்காந்திருந்தேன். கம்பெனி வக்கீல் ரொம்ப மரியாதையான ஆளு, கத்தல, மெரட்டல. "நீங்க எந்த வேலைக்கும் போகலீங்கம்மா?" "இல்லங்கய்யா." "உங்களுக்குன்னு தனியா வருமானம் எதுவும் கெடையாது?" "கெடையாதுங்கய்யா." ஜட்ஜ் டைப்பிஸ்டுக்குச் சொன்னாங்க: "நான் எந்த வேலைக்கும் செல்லவில்லை என்றால் சரிதான். எனக்குத் தனிப்பட்ட வருமானம் ஏதுமில்லை என்றால் சரிதான்." கீபோர்டு சத்தத்தோட அந்த ரெண்டு வரியும் ரெக்கார்டுல ஏறிடுச்சு. அம்மா பொய் சொல்லல, கேட்டதுக்கு உண்மையத்தான் சொன்னாங்க, ஆனா அந்த உண்மையில அவங்க முப்பது வருஷம் செஞ்ச எதுவுமே இல்லாமப் போச்சு. வீட்டுக்கு வர்ற வழியில பஸ்ல "சரியாத் தானம்மா சொன்னேன்?"னு கேட்டாங்க. சரியாத்தான் சொன்னீங்கன்னேன். எனக்குத் தொண்டை அடைச்சது.

அடுத்த வாய்தாவுக்கு வக்கீலம்மா யாரும் எதிர்பாக்காத ஒரு ஆளக் கூப்பிட்டாங்க. அம்மா அடிபட்டதுக்கு அப்புறம் எங்க வீட்டுக்கு சமைக்க வர்ற அக்கா. பக்கத்துத் தெருதான், காலையில வந்து ரெண்டு வேளைக்கும் சமைச்சு, பாத்திரம் கழுவி வச்சுட்டுப் போவாங்க, மாசம் 7,000. கோர்ட்டுக்கெல்லாம் வர மாட்டேன்னு முதல்ல ரொம்பப் பயந்தாங்க, அப்பத்தா தான் கட்டில்ல படுத்துக்கிட்டே பேசி சம்மதிக்க வச்சது. மூணாவது சாட்சி. சம்பளத்தச் சொன்னாங்க, என்னென்ன செய்றேன்னு சொன்னாங்க, உக்காரப் போனவங்கள குறுக்கு விசாரணைக்கு நிறுத்துனாங்க.

"சம்பளம் வாங்குனதுக்கு ரசீது இருக்கா?"

"எங்களுக்கு யாருங்கய்யா ரசீது குடுக்குறா."

அடுத்ததா அவரு கேட்டது, அவரு நோக்கத்துல நியாயமான கேள்விதான். அக்கா செய்யுறது மூணு மணி நேர வேலை, அப்ப மத்த வேலையெல்லாம் அம்மாவே செய்றாங்கன்னு வரணும், அப்ப பாதிப்பு கம்மின்னு ஆயிரும். "நீங்க காலையில மூணு மணி நேரம் மட்டும் செய்றீங்க, மீதி வீட்டு வேலைய மனுதாரரே செய்துக்கிறாங்கன்னு சொல்றேன், சரிதானே?"

அக்கா ஒரு நிமிஷம் அவரையே பாத்தாங்க. அப்புறம் படபடன்னு வந்துச்சு. "அவுக எங்கய்யா செய்றாக, கை தான் வர மாட்டேங்குதே. துணிக்கு வேற ஆளு வருது. கெழவிய குளிப்பாட்டவும் பொரட்டிப் போடவும் ஒரு நர்ஸம்மா வருது, அதுக்குத் தனி காசு. சாயங்காலம் அண்ணன் தான் ஏதோ கொதிக்க வைக்கிறாரு. மத்ததெல்லாம் அப்படியே கெடக்குது. அவுக ஒத்த ஆளு செஞ்ச வேலைங்கய்யா இம்புட்டும். அம்புட்டையும் நானே செய்யணும்னா மாசம் இருபதாயிரம் குடுத்தாலும் நான் வர மாட்டேன்."

கோர்ட்டுல யாரும் பேசல. வக்கீல் அடுத்த கேள்விக்குப் பேப்பரப் பொரட்டுனாரு, ஜட்ஜ் கைய லேசா தூக்கி நிறுத்திட்டு, அத ஒவ்வொரு வரியா டைப்பிஸ்டுக்குச் சொன்னாங்க. "மீதி வேலைகளை மனுதாரரே செய்துகொள்கிறார் என்று சொன்னால் சரியல்ல. அவர் ஒருவராகச் செய்த வேலைகளுக்குத் தற்போது மூவர் தேவைப்படுகின்றனர்." அந்த இருபதாயிரத்தையும் சேத்து எழுதச் சொன்னாங்க. குறுக்கு விசாரணையில கம்பெனி வக்கீலே கேட்டு வாங்குன பதில், அத இனி அவங்களால நம்பக்கூடாதுன்னு சொல்ல முடியாதுன்னு வக்கீலம்மா வெளிய வந்ததும் என் கையப் புடிச்சிட்டுச் சொன்னாங்க.

நான் இத திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாத்திருக்கேன். வீட்டுக்குள்ளயே இருந்த எங்களுக்கெல்லாம் அம்மா வேலை எவ்வளவுன்னு தெரியும்னுதான் நெனச்சுட்டு இருந்தோம். ஆனா அத ஒரு சாட்சியமா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு பிரிச்சு, இன்னதுக்கு இன்ன கூலின்னு சொல்லத் தெரிஞ்சது அந்த வேலையக் கூலிக்குச் செய்யுற ஒரு பொம்பளைக்குத்தான். அவங்களுக்கு மட்டும்தான் அதோட சந்தை விலை தெரியும், அந்த விலைக்கு அது எவ்வளவு கட்டுபடியாகாதுங்கறதும் தெரியும். அப்பா சாட்சி சொல்லியிருந்தா புருஷன் பொண்டாட்டிக்காகப் பேசுறாருன்னு தள்ளிருப்பாங்க. நான் சொல்லியிருந்தா மக பாசம்னு போயிருக்கும்.

தீர்ப்பு

2025ல தீர்ப்பு வந்துச்சு. பர்சன்டேஜ் முறைய ஏத்துக்கல, மல்டிபிளையர் தான். உத்தேச வருமானம் மாசம் 10,000, எதிர்கால உயர்வு 10 சதவீதம், வேலைத்திறன் இழப்பு 25 சதவீதம். அப்படியே அந்த 3,63,000. அதுக்கு மேல வலி வேதனைக்கு, சத்துணவுக்கு, போக்குவரத்துக்கு, கூட இருந்தவருக்கு, துணி சேதத்துக்கு 1,000, பிளேட் எடுக்கப் போற ஆபரேஷனுக்குன்னு தனித்தனியா. மனு போட்ட தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டி. பணம் அம்மா பேர்ல மட்டும் இருக்குற அக்கவுண்டுக்குத்தான் வரணும்னு பாஸ்புக் காப்பி கேட்டாங்க, அம்மாவுக்குன்னு தனியா ஒரு பாஸ்புக் அப்பத்தான் வந்துச்சு.

எனக்கு சந்தோஷம் தான், அத மறைக்கல. கோடு இருந்த எடத்துல நம்பர் வந்துருச்சு. ஆனா அந்த 10,000 மேல எனக்கு வருத்தம் இருக்கு. சமையல் அக்காவுக்கு மட்டும் 7,000 குடுக்குறோம், நர்ஸம்மாவுக்குத் தனி, துணிக்குத் தனி, எல்லாத்தையும் கூட்டுனா 10,000 எங்கேயோ பின்னாடி நிக்குது. ரெக்கார்டுலயே இருபதாயிரம்னு சாட்சியம் இருக்கும்போது அதுல பாதிய எந்த அடிப்படையில எடுத்தாங்கன்னு தீர்ப்புல ஒரு வரி கூட இல்ல, 'இதர சூழ்நிலைகளைக் கருத்தில் கொண்டு'ன்னு மட்டும் இருக்கு. ரோட்டோரம் காய்கறி வித்த ஒருத்தருக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாமலேயே மாசம் 6,500ன்னு சுப்ரீம் கோர்ட் 2014ல ஏத்துக்கிட்டுச்சு, அது 2008ல நடந்த விபத்துக்கு. அப்புறம் பதினாலு வருஷம் கழிச்சு நடந்த விபத்துல, ஒரு வீட்டையும் ஒரு நோயாளியையும் தாங்குன பொம்பளைக்கு 10,000ங்கறது எந்த விலைவாசிக்குப் பொருந்தும்?

கம்பெனி அப்பீல் போகல, பணத்த டெபாசிட் பண்ணிட்டாங்க. நாங்க போகலாம். தொகைய உயர்த்திக் கேட்டு ஹைகோர்ட் மதுரைக் கிளையில 90 நாளைக்குள்ள மேல்முறையீடு போடலாம்னு வக்கீலம்மா சொல்லி, சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு வாங்கியும் வச்சிருக்காங்க. வீட்டுல இப்ப அதுதான் பேச்சு. வந்தது போதும், திரும்ப கோர்ட்டுன்னா ஒடம்பு தாங்காதுன்னு அம்மா. அம்மா இஷ்டம்னு அப்பா. நான் போகணும்னு தான் நிக்கிறேன், ஹைகோர்ட்டுக்கு அம்மா வர வேண்டியதே இல்ல, சாட்சியமெல்லாம் ஏற்கனவே ரெக்கார்டுல இருக்கு, அந்த 10,000 ஏன்னு ஒரு நீதிபதி விளக்கமா எழுதுனா அடுத்து வர்ற யாரோ ஒரு அம்மாவோட வக்கீல் அத எடுத்துக் காட்டலாம். நேத்தும் அரை மணி நேரம் பேசினேன். வக்காலத்து ஃபாரம் டி.வி. மேசையில இருக்கு, அம்மா இன்னும் கையெழுத்துப் போடல, வேணாம்னும் முடிவா சொல்லல.